பல்பம் தின்ற வருடம்

முப்பத்தெட்டு வயதில் ஏறக்குறைய ஒரு வருடம் நான் கல் தின்றேன். குழந்தைகள் சிலேட்டில் எழுதுகிற பல்பத்தைச் சொல்கிறேன். அதுவும் கல்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் விட்டிருப்பேனா என்று கேட்டால், மாட்டேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு செக்கிங் வேலை. ஷூவின் மேல்பகுதித் தோலைத் தைத்து எங்கள் மேசைக்கு அனுப்புவார்கள். அப்பர் என்று அதற்குப் பெயர். தையல் விலகியிருக்கிறதா, தோலில் கீறல் உண்டா, கறை உண்டா என்று புரட்டிப் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். காலையிலிருந்து மாலைவரை நின்றபடி வேலை. பள்ளிகொண்டாவுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

அந்த பஸ்ஸின் படி அந்த வருடம் உயர்ந்துபோனது போல இருந்தது. ஏறி உட்கார்ந்தால் ரயிலைப் பிடிக்க ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கும். மாடிப்படி ஏறினால் காதுக்குள் இதயம் அடிக்கிற சத்தம் கேட்கும். யாரிடம் சொன்னாலும் ஒரு பதில் தயாராக இருந்தது. நின்றுகொண்டே வேலை செய்கிறாய், அதனால்தான் என்றார்கள். வயசாகிறது என்றார்கள். காலையில் சாப்பிடாமல் ஓடுகிறாய் என்றார்கள். மாதவிலக்கு எனக்குப் பத்து நாள் போகும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் போலும், மற்றவர்கள் வாயைத் திறக்காமல் வேலை பார்க்கிறார்கள், நான்தான் அலட்டிக்கொள்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

முதலில் வந்தது வாசனைப் பைத்தியம்தான். ஈர மண் வாசனை எங்கிருந்தாலும் கால் நின்றுவிடும். பக்கத்துத் தெருவில் வீடு கட்டினார்கள். சாயங்காலம் அந்தச் சுவருக்குத் தண்ணீர் பிடிப்பார்கள். பால் வாங்கப் போகிற சாக்கில் அங்கே போய் நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருப்பேன். கொத்தனார் ஒருநாள், "இன்னாம்மா, வாடகைக்கு வீடு பாக்குறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

விஜயதசமிக்குக் குடியாத்தத்தில் இருக்கிற என் தம்பி மகனைப் பள்ளியில் சேர்த்தார்கள். சிலேட்டும் பல்பமும் வாங்கி வருவது அத்தை கடமை என்றார்கள். வாங்கிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். பையைத் திறந்து பார்த்தபோது பெட்டிக்குள் ஒரு பல்பம் உடைந்திருந்தது. உடைந்த முனையை மூக்கருகே கொண்டுபோனேன். அவ்வளவுதான். யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை பார்த்தேன், கடித்துவிட்டேன்.

அது எப்படி இருந்தது என்று கேட்டவர்கள் நிறையப் பேர், சொன்னதும் முகத்தைச் சுளிக்காதவர்கள் இரண்டே பேர். முதலில் பல்லுக்கு இடம் கொடுக்காது. பிறகு தகடு தகடாகப் பெயர்ந்து விழும். நாக்கில் ஈரம் பட்டதும் அப்படியே குழைந்து சேறாகும். அப்போது தொண்டைக்கும் மூக்குக்கும் நடுவில் முதல் மழை பெய்யும். குடியாத்தம் போய்ச் சேர்வதற்குள் பெட்டி காலி. தம்பி மனைவி சிலேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பல்பம் வர்லயா அண்ணி?" என்றாள். கடையில் தீர்ந்துவிட்டதாம் என்றேன். தம்பி எழுந்து போய் வாங்கி வந்தான். அந்தப் பெட்டியிலிருந்தும் இரண்டை எடுத்துக்கொண்டுதான் வீடு திரும்பினேன்.

இரண்டு வாரத்துக்குள் எனக்குப் பல்பத்தில் தரம் பிரிக்கத் தெரிந்துவிட்டது. வெள்ளைவெளேரென்று இருப்பவை சுண்ணாம்புப் பொடியை அச்சில் அழுத்திச் செய்பவை. பல்லில் ஒட்டும், வாசனை கிடையாது. கல்லிலிருந்து அறுத்தெடுத்த சாம்பல் நிறப் பல்பம்தான் எனக்கு வேண்டும். பள்ளிகொண்டாவில் எங்கும் இல்லை. ஆம்பூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் நோட்டுப்புத்தகக் கடை வைத்திருந்த பாய் ஒருவரிடம் மட்டும் இருந்தது. அறுபதைத் தாண்டியவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துத்தான் பேசுவார்.

மூன்றாவது முறை போய் ஒரே நேரத்தில் பத்துப் பெட்டி கேட்டபோது, "இன்னாமா, டீச்சரா நீங்க?" என்றார்.

கொத்தனாருக்கு ஆட்டிய தலையை இவருக்கும் ஆட்டினேன்.

அன்றிலிருந்து நான் டீச்சர். சந்துக்குள் நுழையும்போதே, "வாங்க டீச்சர்" என்பார். பெஞ்சைத் துடைத்துப் போடுவார். இந்தக் காலத்தில் யார் சிலேட்டில் எழுதவைக்கிறார்கள், உங்கள் பள்ளியில் இன்னும் வைத்திருக்கிறீர்களே, கையெழுத்து நன்றாக வரும் என்று பாராட்டுவார். எந்தப் பள்ளி என்று கேட்டபோது வாய்க்கு வந்த ஒரு திசையைக் காட்டினேன். ஒருநாள் தன் பேத்தியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும், எந்தப் பள்ளி நல்லது என்று ஆலோசனை கேட்டார். எனக்கென்ன தெரியும்? கம்பெனி பஸ் போகிற வழியில் பச்சைப் பெயிண்ட் அடித்த பள்ளி ஒன்று இருந்தது. மைதானம் பெரிதாகத் தெரியும். அதைச் சொன்னேன். அடுத்த மாதம் போனபோது, "சேத்துட்டோம் டீச்சர்" என்று லட்டு கொடுத்தார். லட்டைத் தின்ன முடியவில்லை. வாயில் பல்பம் இருந்தது.

அந்த ஒரு பிள்ளையின் படிப்பை நினைத்து நான் பட்ட கவலையை என் மகளின் படிப்புக்காகக்கூடப் பட்டதில்லை. பஸ் அந்தப் பச்சைப் பள்ளியைத் தாண்டும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். கூரை இருக்கிறதா, வாத்தியார்கள் வருகிறார்களா என்று.

வீட்டில் நான்கு மாதம் யாருக்கும் தெரியாமல் ஓட்டினேன். மாட்டிக்கொண்டது என் மகளின் சமூக அறிவியல் பாடத்தால். மறுநாள் அவளுக்குப் பரீட்சை. சமையலறை வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பாறைகளைப் பற்றிய பாடம். மெல்லிய களிமண் நீரோடு வந்து அடியில் தங்குமாம். அதன்மேல் இன்னொரு படிவு, அதன்மேல் இன்னொன்று. மேலே இருக்கிற பாரத்தில் அடியில் இருப்பது அழுந்தி, ஈரமெல்லாம் பிழிந்துபோய்க் கல்லாகுமாம். களிப்பாறை என்று பெயர். தட்டினால் ஏடு ஏடாகப் பிரியுமாம்.

ஏடு ஏடாக என்று அவள் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அந்தக் கல்லு எங்க இருக்குது?" என்று கேட்டேன். என் மகள் பாடத்தைப் பற்றி நான் கேள்வி கேட்பது அதுவே முதல்முறை. நிமிர்ந்து பார்த்தாள்.

"நம்ம பக்கம் இல்லமா. இங்க இருக்கற மலைலாம் நெருப்புலேர்ந்து வந்த கல்லாம். மிஸ் சொன்னாங்க. களிப்பாறைய நாங்க யாரும் பாத்தது இல்லன்னு சொன்னோம். சின்ன வயசுல கையில புடிச்சி எழுதுன பல்பமே அதான்னாங்க."

எனக்கு வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. மெதுவாகக் கடித்தேன். அந்த அமைதியில் அது கறுக்கென்று கேட்டது.

"இன்னாமா மெல்ற?"

"பொட்டுக்கடலை."

"எனக்குக் குடு."

"தீர்ந்துபோச்சி."

எழுந்து வந்து என் தாடையைப் பிடித்தாள். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு என்னைவிடக் கையில் வலு இருந்தது. நாக்கு சாம்பல் நிறத்தில் இருந்தது. பாடப் புத்தகத்தில் மட்டுமே படித்த களிப்பாறையை அவள் அங்கேதான் பார்த்தாள். நேரே அப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள். பரீட்சைக்கு அந்தக் கேள்வி வந்து முழு மதிப்பெண் வாங்கினாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் அரசு பஸ் ஓட்டுநர். வேலூருக்கும் குடியாத்தத்துக்கும் நடுவில் ஓட்டிக்கொண்டிருந்தார். மகள் சொன்னதைக் கேட்டு அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"மாசமா இருக்கியா?" என்றார்.

இல்லை என்றேன். எனக்கு மாதம் பத்து நாள் போய்க்கொண்டிருக்கும்போது இது எப்படி நடக்கும் என்று விளக்கப் பார்த்தேன். மகள் பக்கத்தில் இருந்ததால் முழுதாக விளக்க முடியவில்லை. என் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். மறுநாள் டியூட்டி முடிந்து வரும்போது ஒரு பை மாங்காய், சாத்துக்குடி, குங்குமப்பூ. அதற்கு அடுத்த நாள் அவருடைய அக்கா சோளிங்கரிலிருந்து போன் செய்து, மலையேறி வேண்டிக்கொண்டதாகச் சொன்னார். பதினாலு வருஷம் கழித்துக் கடவுள் கண் திறந்திருக்கிறார் என்றார். இல்லை அண்ணி, அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று நான் சொல்ல, மூன்று மாதம்வரை வெளியே சொல்லக் கூடாதுதான், நீ செய்வது சரி என்று போனை வைத்துவிட்டார்.

மருந்துக்கடையில் அட்டை வாங்கி வந்து பரிசோதித்துக் காட்டினேன். ஒரே கோடு. என் கணவர் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"லேசா ரெண்டாவது கோடு தெரியுது பாரு."

"தெரியல."

"உனுக்குக் கண்ணு வீக்கு."

தையல் அரை மில்லிமீட்டர் விலகினாலும் பிடிக்கிற கண் என்னுடையது. அதற்காகத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள். ஒரு வாரம் கழித்து அவருக்கே புரிந்தது. மறுநாள் காலை எழுந்ததும் நான் அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்த பெட்டிகளைத் தேடி எடுத்துச் சாக்கடையில் போட்டுவிட்டுத்தான் டிப்போவுக்குப் போனார்.

அங்கே போய் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். அதன்பிறகு தினமும் ஒரு வைத்தியத்தோடு வீட்டுக்கு வருவார். ஒரு கண்டக்டர் கடலைமிட்டாய் கொடுக்கச் சொன்னாராம். இன்னொருவர் பனங்கற்கண்டு. மெக்கானிக் ஒருவர் வேப்பிலை உருண்டை. டைம் கீப்பர் மட்டும், பொம்பளைக்கு வீட்டில் பொழுது போகவில்லை, அதனால்தான் இப்படி என்றாராம். காலை ஐந்துக்கு எழுந்து, சமைத்து, பஸ் பிடித்து, ஒன்பது மணி நேரம் நின்று, திரும்பி வந்து சமைக்கிறவளுக்குப் பொழுது போகவில்லை. அதைக் கேட்டுவிட்டு வந்து எனக்கும் சொல்கிறாரே என்றுதான் எனக்கு ஆத்திரம். கடலைமிட்டாயை வாங்கி வைத்துக்கொண்டேன். பல்பத்தைக் கம்பெனிக்கு மாற்றிவிட்டேன்.

அதுதான் நான் செய்த முட்டாள்தனத்திலேயே பெரியது. கம்பெனியில் மேசையில் எதையும் தின்னக் கூடாது. பல்பத்தைத் துண்டு துண்டாக உடைத்துக் கம்பெனிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, அப்பரைப் புரட்டுகிற சாக்கில் குனிந்து வாயில் போட்டுக்கொள்வேன். பழுப்புத் தோல் ஓடிக்கொண்டிருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. ஒரு திங்கட்கிழமை கறுப்புத் தோல் வந்தது.

பத்து மணி வாக்கில் ஓர் அப்பரில் சாம்பல் நிறத்தில் மங்கலான கறை பார்த்தேன். ஸ்டிக்கர் ஒட்டித் தனியாக வைத்தேன். அடுத்ததிலும் இருந்தது. அதற்கும் ஒட்டினேன். மதியத்துக்குள் இரண்டு கூடை நிரம்பிவிட்டது. எல்லாமே என் மேசையில். சூப்பர்வைசர் வந்து நின்றார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர்.

"ஸ்டெயின் எங்கேர்ந்து மேடம் வருது? ஸ்டிச்சிங்லயா, கட்டிங்லயா?"

"தெரியல சார். இன்னிக்குத்தான் வருது."

தையல் ஆட்களைக் கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். மெஷின்களை நிறுத்தித் துடைக்கச் சொன்னார். பசை போடுகிற பெண்ணைத் திட்டினார், அவள் அழுதாள். கடைசியில் தோல் அனுப்பிய தொழிற்சாலைக்குப் போன் செய்து அங்கிருந்து ஒரு டெக்னீஷியனை வரவழைத்தார். தோலுக்குள் இருக்கிற கொழுப்பு சில சமயம் வெளியே பூத்து வெளுப்பாகத் தெரியும். அதுதான் இது என்று எங்கள் ஆள் சொல்ல, எங்கள் தோலில் அது வரவே வராது என்று அந்த ஆள் சொல்ல, இரண்டு பேரும் என் மேசைக்கு முன்னால் நின்று ஒரு மணி நேரம் வாதாடினார்கள். நான் நடுவில் நின்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து மேசையில் வேலை பார்த்த பெண்ணை நாங்கள் எல்லோரும் ஆபா என்போம். உருது பேசுகிற வீட்டில் அக்காவுக்கு அப்படித்தான். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். அதிகம் பேசமாட்டார். சூப்பர்வைசரும் டெக்னீஷியனும் டீ குடிக்கப் போனதும் என் மேசைக்கு வந்து, ஓர் அப்பரை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இது கட்ட வெரலு. இது ஆள்காட்டி வெரலு. உன் கைய காட்டு."

காட்டினேன். வியர்வையில் ஊறிய சாம்பல் பொடி ரேகைக்குள்ளெல்லாம் ஏறியிருந்தது. காலையிலிருந்து நான் தேடித் தேடி ஒட்டிய அத்தனை ஸ்டிக்கரும் என் கைக்கு நானே ஒட்டிக்கொண்டவை.

"பல்பமா?" என்றார் ஆபா.

"ஆமா."

"நானு பச்சரிசி. ரெண்டு வருஷம். என் வூட்ல எல்லாருக்கும் என்னால பேஜாரு. உனுக்கு ரத்தம் கம்மியா இருக்கும். டாக்டர் கிட்ட போ. வேற யாரு சொல்றதும் கேக்காத."

முகம் சுளிக்காத இரண்டு பேரில் முதல் ஆள் அவர்.

சூப்பர்வைசர் திரும்பி வந்ததும் சொல்லிவிட்டேன். "சார், அது என் கையி."

அவர் நம்பவில்லை. பசை போடும் பெண் மூலையில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யார மேடம் காப்பாத்துறீங்க? நீங்க பதினோரு வருஷம் செக்கிங். உங்க கையில கறை எப்டி இருக்கும்?"

இதற்கு மேல் என்னதான் செய்வது? கோட்டுப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, விரலால் தேய்த்து, அவர் கண் முன்னாலேயே ஒரு கறுப்புத் தோல் துண்டில் அழுத்திக் காட்டினேன். அச்சு அசல் அதே கறை. டெக்னீஷியன் குனிந்து பார்த்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தார். அவருக்குச் சிரிக்கக் காரணம் இருந்தது.

"இத எதுக்கு வச்சினு இருக்கீங்க?" என்றார் சூப்பர்வைசர்.

"சாப்ட."

அவர் முகத்தில் வந்து போனதை என்னால் இன்றைக்கும் விவரிக்க முடியாது. கை கழுவிவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னார். ஈரத்துணியால் துடைத்ததும் அத்தனை கறையும் போய்விட்டது. களிமண்தானே. பசை போடும் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அக்கா, நீங்க கல்லு துண்ணதுக்கு நான் திட்டு வாங்குனேனே," என்று மறுபடி அழ ஆரம்பித்தாள். பதினைந்து நாள் என்னை ஷூ லேஸ் சோடி சேர்க்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்த வாரமே வேலூருக்குப் போனோம். தனியாகப் போகிறேன் என்றேன். கேட்காமல் லீவு போட்டுவிட்டு வந்தார் என் கணவர். டாக்டர் சின்ன வயதுப் பெண். என் கண் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். பிறகு சீட்டில் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "ஐஸ், பச்சரிசி, சாம்பல், மண், பல்பம், இதுல ஏதாவது சாப்புடுறீங்களா?" என்று கேட்டார். காய்ச்சல் இருக்கிறதா, இருமல் இருக்கிறதா என்று கேட்கிற அதே குரல்.

உலகத்தில் நான் ஒருத்திதான் இப்படி என்று, ஆபா சொல்லும்வரை, பத்து மாதம் பயந்திருந்தேன். என்னுடையது டாக்டரின் வரிசையில் ஐந்தாவதாக, சாதாரணமாக இருந்தது.

"பல்பம்," என்றேன்.

"எவ்ளோ?"

"ஒரு நாளைக்கு ஒரு பெட்டி."

"ரெண்டு, டாக்டர்," என்றார் என் கணவர்.

ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். சாயங்காலம் மறுபடி கூப்பிட்டார்கள். இருக்க வேண்டிய ரத்தத்தில் பாதிதான் இருந்தது. கர்ப்பப்பையில் சின்னக் கட்டி, அதனால் மாதாமாதம் போகிற ரத்தம் ஜாஸ்தி, அதனால் உடம்பில் இரும்புச்சத்து இல்லை, சத்து இல்லாதபோது சிலருக்கு இந்த மாதிரி ஆசை வரும் என்று டாக்டர் விளக்கினார். தின்கிற களிமண் சாப்பாட்டில் இருக்கிற கொஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாதாம். ஆகவே அதை நிறுத்த வேண்டும் என்றார். திட்டவில்லை. அவர்தான் முகம் சுளிக்காத இரண்டாவது ஆள்.

பத்து நாள் போவது எல்லாருக்கும் வழக்கம்தானே என்று கேட்டேன். "இல்ல," என்றார். அந்த ஒரு சொல்லை எனக்கு யாராவது பத்து வருடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

வெளியே வந்ததும் என் கணவர் தன் அக்காவுக்குப் போன் செய்து, "பல்பம் துண்ணு துண்ணு ரத்தம் போய்டுச்சாம்" என்றார். போனைப் பிடுங்கி, ரத்தம் போனதால்தான் பல்பம் தின்றேன் என்று சொன்னேன். இரண்டும் ஒன்றுதானே என்றார் அண்ணி. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும் வழியெல்லாம் என் கணவருக்கு இதை விளக்கினேன். பாகாயம் பஸ், காட்பாடி பஸ் எல்லாம் போய்க்கொண்டிருந்தன. சரி சரி என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் டிப்போவில் மறுபடி பழைய மாதிரியே சொல்லியிருக்கிறார்.

நரம்பில் இரும்பு மருந்து மூன்று முறை ஏற்றினார்கள். தோல் கழுவிய தண்ணீர் மாதிரி கரும்பழுப்பாகச் சொட்டும். கட்டிக்கு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாவது முறை ஏற்றிய பிறகு ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். பாதித் தூரம் போன பிறகுதான் மூச்சு வாங்கவில்லை என்பதைக் கவனித்தேன். பையின் அடியில் ஒரு துண்டு மிச்சம் கிடந்தது. டாக்டர் பேச்சை மீறி வாயில் போட்டேன்.

கல். வெறும் கல். மணல் மாதிரி நறநறத்தது. பல் கூசியது. மழையும் இல்லை, வாசனையும் இல்லை. ஜன்னல் வழியே துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தக் கண்றாவிக்காகவா கொத்தனாரிடம் பொய், தம்பி மனைவியிடம் பொய், ஒரு பெண்ணை இரண்டு முறை அழவைத்து, சோளிங்கர் மலையில் ஒரு வேண்டுதலையும் வீணாக்கினேன்?

பாய் கடைப்பக்கம் போகாமல் ஒரு மாதம் இருந்தேன். மகளுக்குக் கிராஃப் நோட்டு வேண்டியிருந்ததால் போக வேண்டியதாயிற்று. என்னைப் பார்த்ததும் பத்துப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

"வேணாம் பாய். நான் டீச்சர் இல்ல. ஷூ கம்பெனில வேலை செய்றேன். அதெல்லாம் நான் தின்றதுக்குத்தான் வாங்குனேன்."

பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து வைத்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என் கடைல பல்பம் வாங்குற டீச்சருங்க நெறைய பேரு. ஊர்ல ஸ்கூலு அவ்ளோ இல்ல."

"தெரிஞ்சுதான் குடுத்தீங்களா?"

"கேட்டா குடுக்கறதுதானே கடை."

"தெரிஞ்சும் பேத்திக்கு ஸ்கூல் கேட்டீங்களே பாய்."

"நீங்க நல்லாதான் சொன்னீங்க. கொழந்தைங்களுக்கு ஆடறதுக்கு எடம் இருக்குது அங்க," என்று கிராஃப் நோட்டைச் சுற்றிக் கொடுத்தார். ஒரு வருடமாக அந்தப் பள்ளியின் கூரையைப் பார்த்துக்கொண்டே போனவள் நான். எனக்கு அவர்மீது வந்த எரிச்சல் அந்தச் சந்து முடிந்து மெயின் ரோடு வரும்வரை தீரவில்லை.

மறுபடி செக்கிங்குக்கு வந்துவிட்டேன். என் பழைய இடத்தில் ஆபாவை வைத்திருந்தார்கள். ஆகவே நான் அவருடைய மேசைக்குப் போனேன். ரத்தம் இப்போது போதுமான அளவுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு இரும்பு மாத்திரை விழுங்க வேண்டும். போன தடவை பரிசோதனைக்குப் போனபோது எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, எழுந்திருக்கும் நேரத்தில் டாக்டர் இன்னொன்றும் சொன்னார்.

"மாத்திரை போட்டு ரெண்டு மணி நேரத்துக்கு டீ, காபி கூடாது. இரும்பு சேராது."

"எவ்ளோ டீ குடிப்பீங்க?" என்று வேறு கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து பதில் வந்துவிட்டது.

"ஆறு, டாக்டர்."

காலை டீ இல்லாமல் நான் ஐந்து மணிக்கு எழுந்ததே கிடையாது. கம்பெனியில் பதினோரு மணி டீ, நான்கு மணி டீ, இரண்டுக்கும் நடுவில் சாப்பாடு முடிந்ததும் ஒரு டீ. மாத்திரையை எங்கே வைத்தாலும் ஏதாவது ஒரு டீயின்மேல் போய் விழுகிறது. பல்பம் தானாக விட்டுப் போனது, அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை. டீயை யார் நிறுத்துவது? மதியம் இரண்டு மணிக்கு மாத்திரை, நான்கு மணிக்கு டீ என்று இப்போதைக்கு முடிவு செய்திருக்கிறேன். மணி நான்கடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஆபா கோப்பையோடு என் முன்னால் வந்து நின்று, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஊதி ஊதிக் குடிக்கிறார்.